தூணில் இருந்த பெட்டி: ஒரு மளிகை இறக்குமதி நிறுவனத்துக்கு இரண்டு படங்கள் வரைந்த அனுபவம்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு அந்த ஃபோன் வந்தது. சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் மேலே அலுவலகமும் கீழே கிடங்கும் வைத்திருக்கிற மளிகை இறக்குமதி நிறுவனம். மிளகாய், பருப்பு, புளி, அப்பளம் என்று தூத்துக்குடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொள்கலனில் வரவழைத்து, தேக்கா கடைகளுக்கும் அடுக்குமாடி வட்டாரங்களில் உள்ள மினிமார்ட்டுகளுக்கும் அனுப்புகிறவர்கள்.

"கம்ப்யூட்டர் எல்லாம் நிக்குது தம்பி. பிரிண்டர் வரலை, கேமரா வரலை, ஒண்ணும் வரலை. வெளியே நாலு லாரி காத்துக்கிட்டு நிக்குது" என்றார் முதலாளி.

சிறு நிறுவனங்களுக்கு நெட்வொர்க் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். இவர்களிடம் அதற்குமுன் வேலை பார்த்ததில்லை. முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் ஊருக்கே திரும்பிவிட்டாராம்.

போனதும் மேல்மாடியில் இருந்த ரேக்கைத் திறந்து பார்த்தேன். எல்லாக் கேபிளையும் ஒன்றோடொன்று இணைக்கும் 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்று (போர்ட் என்றால் கேபிள் செருகும் வாய்), அதில் 19 கேபிள். ஆரோக்கியமான ஸ்விட்சில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் சிமிட்டும். இங்கே எல்லா விளக்கும் ஒரே தாளத்தில், இடைவெளியே இல்லாமல் துடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, எங்கேயோ ஒரு கேபிள் சுழல் போட்டிருக்கிறது.

விஷயம் இதுதான். ஒரு கணினி எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு செய்தி அனுப்பினால், ஸ்விட்ச் அதை எல்லாப் போர்ட்டிலும் நகல் எடுத்துத் தள்ளும். பாதை வட்டமாக இருந்தால் அந்த நகல் திரும்பி வரும், மறுபடி தள்ளப்படும். இணையத்தில் போகும் ஐபி பொட்டலத்துக்கு ஆயுள் எண்ணிக்கை ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து, பூஜ்யமானால் செத்துவிடும். ஸ்விட்சுகளுக்குள் செய்தியைச் சுமந்து ஓடும் ஈதர்நெட் சட்டகம் என்ற உறைக்கு அப்படி எதுவும் கிடையாது. சுற்றிக்கொண்டே இருக்கும், பெருகிக்கொண்டே போகும். இதற்கு மருந்தாகத்தான் ராடியா பெர்ல்மன் 1985இல் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையைக் கண்டுபிடித்தார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி, வட்டம் உண்டாகும் இடத்தில் ஒரு போர்ட்டை அடைத்துக்கொள்ளும். இந்தப் பெரிய ஸ்விட்சிலும் அந்த வசதி இருந்தது, ஆனால் அணைந்து கிடந்தது.

சரி, சுழல் எங்கே? "நெட்வொர்க் படம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். கணக்கு பார்க்கும் அக்கா ஒரு கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அழகான படம். நடுவில் இணையத்தைக் குறிக்கும் மேகம், அதன் கீழே ரவுட்டர், இரண்டு கணினி, ஒரு பிரிண்டர். அவர்கள் இந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால், பழைய கடையில் இருந்தபோது வரைந்தது.

வேறு வழியில்லாமல் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஏழாவதைப் பிடுங்கியதும் எல்லாம் அடங்கியது. அலுவலகக் கணினிகள் உயிர்பெற்றன. ஆனால் ஏழாவது எங்கே போகிறது? யாருக்கும் தெரியவில்லை. கேபிளில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. கூரைக்கு மேலே போன கம்பி, குழாய் வழியாகக் கீழே கிடங்கில் இறங்கி, மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தூணில் போய் முடிந்தது. அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் மூன்று மொழிகளில் ஒரே வரி: இதை அணைக்காதே.

அந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு கேபிள் புறப்பட்டு, லாரி ஏற்றும் இடத்து மேசைக்குப் போனது. மேசைக்கு அடியில் ஐந்து போர்ட் ஸ்விட்ச். அதில் ஒரு நீலக் கேபிளின் இரண்டு முனையும் அதே ஸ்விட்சில் செருகியிருந்தது. முதல் நாள் தீபாவளிச் சரக்குக்கு இடம் ஒதுக்க மேசையை நகர்த்தியிருக்கிறார்கள். ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஊழியர் ஒருவர், கழன்றுவிட்டது போலிருக்கிறது என்று எடுத்துச் செருகி வைத்திருக்கிறார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. தொங்குகிற கயிற்றைக் கண்டால் எடுத்துக் கட்டி வைக்கிற கை அது.

நான் அந்த முனையை உருவியபோது மணி மூன்று இருபது. பழுது என்ன என்று புரிய ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மீதி ஐந்து மணி நேரமும் "இந்த ஒயர் எங்கே போகுது" என்ற ஒரே கேள்விக்குப் போனது.

தீபாவளி முடிந்ததும் முதலாளி கூப்பிட்டனுப்பினார். நெட்வொர்க்குக்கு ஒரு படம் வேண்டும். கூடவே இன்னொன்று: மின்னியல் இன்வாய்ஸ் அனுப்பும் இன்வாய்ஸ்நவ் கட்டமைப்பில் சேர நினைக்கிறார்கள், அதற்குமுன் அலுவலக வேலை எப்படி நடக்கிறது என்று வரைந்து காட்டும்படி அவர்களுடைய கணக்காய்வாளர் சொல்லியிருக்கிறார். "ரெண்டும் ரெண்டு தனி வேலை தம்பி, தனித்தனியா விலை சொல்லுங்க" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தனித்தனியாகவே விலை சொன்னேன்.

கேபிளின் பின்னால் நடப்பது

நெட்வொர்க் படம் என்றதும் பலர் நேராக மென்பொருளைத் திறந்து படக்குறிகளை இழுத்துப் போட ஆரம்பிப்பார்கள். அப்படி வரைகிற படம், வரைகிறவர் மனத்தில் உள்ள நெட்வொர்க்கின் படம். நான் முதல் இரண்டு சனிக்கிழமை ஒரு கோடுகூடப் போடவில்லை. பட்டியல் மட்டும்.

எத்தனை சாதனம் இருக்கிறது என்று முதலாளியைக் கேட்டேன். இருபது, இருபத்திரண்டு இருக்கும் என்றார். ரவுட்டர் கொடுத்திருந்த ஐபி முகவரிகளின் பட்டியலில் 41 இருந்தது. ஊழியர்களின் கைப்பேசிகளைக் கழித்தாலும் கணக்கு உதைத்தது. வருகைப்பதிவு இயந்திரம், கேமரா பதிவுப் பெட்டி, எடை இயந்திரம் இதெல்லாம் அவர் கணக்கிலேயே வரவில்லை. அவருக்கு அவை கம்ப்யூட்டர் அல்லவே.

அடையாளம் தெரியாத சாதனத்தைப் பிடிக்க மேக் முகவரி உதவும். ஆறு ஜோடி எழுத்தும் எண்ணுமாக இருக்கும் அந்த முகவரியில் முதல் மூன்று ஜோடி தயாரிப்பாளரைச் சொல்லும். ஒரு முகவரி பிரிண்டர் நிறுவனம் ஒன்றைக் காட்டியது, ஆனால் அப்படி ஒரு பிரிண்டரை யாரும் பயன்படுத்தவில்லை. தேடினால், பொருள் வைக்கும் அறையில் காலி அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் ஒரு பழைய பிரிண்டர், மாதக்கணக்கில் மின்சாரம் குடித்துக்கொண்டு உயிரோடு இருந்தது. கைப்பேசிகளை மட்டும் இந்த வழியில் நம்ப முடியாது. இப்போதைய கைப்பேசிகள் வைஃபைக்கு வைஃபை முகவரியை மாற்றிக்கொள்கின்றன.

தானாகவே நெட்வொர்க்கைத் துழாவிப் படம் வரைந்து தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. எல்எல்டிபி என்ற முறையில் ஸ்விட்சுகள் வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை "நான் இன்னார், இந்தப் போர்ட்டில் இருக்கிறேன்" என்று பக்கத்துச் சாதனத்திடம் சொல்லிக்கொள்ளும். அதைக் கேட்டுக் கேட்டுப் படம் போடலாம். இங்கேயும் ஓட்டிப் பார்த்தேன். வந்த படத்தில் தூணில் இருந்த பெட்டி இல்லை. மேசைக்கு அடியில் இருந்ததும் இல்லை. நிர்வகிக்க முடியாத மலிவு ஸ்விட்சுகள் வாயே திறக்காது. ஐந்து மணி நேரம் தேட வைத்த இரண்டு பெட்டியும் மென்பொருளின் கண்ணில் படவே இல்லை.

ஒரு தடயம் மட்டும் இருந்தது. பெரிய ஸ்விட்சின் முகவரி அட்டவணையில் மற்ற போர்ட்டுகளில் ஒன்றிரண்டு மேக் முகவரி இருக்க, ஏழாவது போர்ட்டில் மட்டும் ஒன்பது இருந்தது. ஒரே போர்ட்டில் பல முகவரி தெரிந்தால் நடுவில் ஒரு ஊமைப் பெட்டி இருக்கிறது என்று பொருள். வைஃபை பெட்டி இருந்தாலும் அப்படித் தெரியும், ஆகவே போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

அந்தத் தூணில் எதற்கு ஒரு பெட்டி? இந்தக் கேள்விதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் வேறு எதுவும் செருகியிருக்கவில்லை. ஒரு கேபிள் உள்ளே, ஒரு கேபிள் வெளியே, அவ்வளவுதான். பார்க்கிறவருக்கு வீண் பெட்டி என்றுதான் தோன்றும். எடுத்துவிட்டு இரண்டு கேபிளையும் நேராக இணைத்துவிடலாம் என்று எனக்கும் கை துறுதுறுத்தது. அளவெடுக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன். ரேக்கிலிருந்து தூண்வரை 64 மீட்டர். தூணிலிருந்து மேசைவரை 58 மீட்டர். கூட்டினால் 122. செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர். எப்போதோ இதைப் போட்டவர் தெரிந்தேதான் போட்டிருக்கிறார், பாதி வழியில் ஒரு ஸ்விட்சை வைத்துச் சமிக்ஞையைப் புதுப்பித்திருக்கிறார். ஏன் என்று மட்டும் எழுதி வைக்கவில்லை. "அணைக்காதே" என்று மூன்று மொழியில் எழுதியவர் "100 மீட்டர் தாண்டுகிறது" என்று ஒரு மொழியில் எழுதியிருந்தால் போதும். அன்றிலிருந்து என் படங்களில் ஒவ்வொரு சாதனத்தின் பக்கத்திலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதுகிறேன்.

வரைய உட்கார்ந்தபோது ஒன்றுக்கு இரண்டு படமாகப் போட்டேன். முதலாளிக்கு அது புரியவில்லை. "ஒரே நெட்வொர்க்தானே, எதுக்கு ரெண்டு?" என்றார். பெருவிரைவு ரயில் வரைபடத்தை வைத்துச் சொன்னேன். 1987இல் இயோ சூ காங்குக்கும் தோ பாயோவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியதிலிருந்து நாம் பார்த்துப் பழகிய படம் அது. நேர்கோடும் சாய்கோடுமாக இருக்கும், நிலையங்களுக்கு நடுவே உள்ள உண்மையான தூரம் அதில் தெரியாது. லண்டன் நிலத்தடி ரயிலுக்கு ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான படம் தொடங்கி வைத்த வழி அது. எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதற்கு அந்தப் படம் போதும். ஆனால் தண்டவாளத்தைப் பழுதுபார்க்கப் போகிறவருக்கு அது உதவாது. அவருக்குத் தெரு வரைபடம் வேண்டும்.

நெட்வொர்க்கிலும் அப்படித்தான். எந்தச் சாதனம் எந்த ஐபி வரிசையில் இருக்கிறது, எது எதோடு பேசலாம், வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் நெருப்புச்சுவர் (ஃபயர்வால்) எங்கே என்பது ரயில் படம். எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டிலிருந்து எந்தக் கூரை வழியாக எத்தனை மீட்டர் போகிறது என்பது தெரு வரைபடம். இரண்டையும் ஒரே தாளில் திணித்தால் இரண்டும் கெடும். அந்தத் தீபாவளிக் காலையில் எனக்குத் தேவைப்பட்டது தெரு வரைபடம். முதலாளிக்கு உடனே விளங்கிவிட்டது.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1992இல் வந்து, 2000இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய விசியோ இன்றும் பல அலுவலகங்களில் ஓடுகிறது. இவர்களுக்கு டிரா.ஐஓ போதும் என்று முடிவு செய்தேன். உலாவியிலேயே திறக்கும், காசு இல்லை, நான் நாளைக்கு இல்லையென்றாலும் இன்னொருவர் திறந்து திருத்தலாம். எதில் வரைந்தாலும் கோடுகளைப் படக்குறியோடு ஒட்டிவிட வேண்டும். பெட்டியை நகர்த்தினால் கோடும் கூட வர வேண்டும். சும்மா பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திய கோடு, முதல் திருத்தத்திலேயே அந்தரத்தில் தொங்கும். அந்தப் படத்தை அதற்குப் பிறகு யாரும் தொட மாட்டார்கள். படத்தின் மூலையில் தேதி, நடந்து பார்த்தவர் பெயர். கடவுச்சொல் எக்காரணம் கொண்டும் படத்தில் கூடாது. நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது, ஏனென்றால் அந்த அலுவலக பிரிண்டர் கறுப்பு வெள்ளை.

பழுப்புத் தாளில் வேலையின் வழி

அடுத்தது அலுவலக வேலை. கிடங்கில் பொட்டலம் கட்டும் பழுப்புத் தாள் சுருள் இருந்தது. அதை ஆறு மீட்டர் நீளத்துக்கு விரித்து நீளச் சுவரில் ஒட்டினேன். மேலிருந்து கீழே வரிகளாகப் பிரித்து, ஒரு வரிக்கு ஒருவர்: விற்பனை, கணக்கு, கிடங்கு, லாரி, வெளியே இருக்கும் சரக்கு முகவர். யார் கையில் வேலை இருக்கிறதோ அவர் வரியில் மஞ்சள் தாள் ஒட்ட வேண்டும். வேலை கை மாறும்போது கோடு வரியைத் தாண்டும்.

இறக்குமதிப் பகுதி சீக்கிரம் முடிந்தது. சப்ளையருக்கு ஆர்டர், கப்பல் ஆவணம், சரக்கு முகவர் டிரேட்நெட் என்ற மின்னியல் வணிக அனுமதி அமைப்பின் வழியாக விண்ணப்பிப்பது, உணவுப்பொருள் என்பதால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் ஒப்புதல், 9 விழுக்காடு பொருள் சேவை வரி, அப்புறம் கொள்கலன் வருவது. டிரேட்நெட் 1989இலிருந்து ஓடுகிறது. இந்த வழி பல்லாயிரம் பேர் நடந்து தேய்ந்த வழி, யாருக்கும் அதில் கருத்து வேறுபாடு இல்லை.

உள்ளூர் விநியோகத்துக்கு வந்தபோதுதான் சுவருக்கு முன்னால் சூடு பிடித்தது. ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. கிடங்கில் எடுத்து எடை போடுகிறார்கள். டி.ஓ., அதாவது சரக்கோடு போகிற டெலிவரி ஆர்டர் சீட்டு, அச்சாகிறது. லாரி போகிறது. கடைக்காரர் டி.ஓ.வில் கையெழுத்துப் போடுகிறார். கையெழுத்தான டி.ஓ. அலுவலகத்துக்கு வந்ததும் கணக்கு அக்கா இன்வாய்ஸ் போடுகிறார். கோடு நேராக, அழகாகப் போனது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரத், லில்லியன் கில்பிரத் தம்பதி 1921இல் வேலையின் வழியைப் படமாக வரையும் முறையைப் பொறியாளர்கள் சங்கத்தின் முன்வைத்தார்கள். அதிலிருந்து கிளைத்து 1947இல் தரமாக்கப்பட்ட குறிகள் ஐந்து: வேலைக்கு வட்டம், இடம் மாறுவதற்கு அம்பு, சோதனைக்குச் சதுரம், சேமிப்புக்கு முக்கோணம், அப்புறம் ஆங்கில எழுத்து டி மாதிரி ஒரு குறி, காத்திருப்புக்கு. இன்றைய பாய்வுப்படங்களில் முடிவெடுப்பதைக் காட்டும் சாய்சதுரத்துக்கு இருக்கிற மரியாதை இந்தக் காத்திருப்புக் குறிக்கு இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் எல்லாரும் செய்வதைச் சொல்வார்கள். காத்திருப்பதை யாரும் வேலையாக நினைப்பதில்லை, அதனால் சொல்ல மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு கோட்டின்மேலும் விரலை வைத்து, "இங்கிருந்து இங்கே வர எவ்வளவு நேரம்?" என்று கேட்பேன்.

லாரி வரியிலிருந்து கணக்கு வரிக்கு ஏறும் கோட்டில் விரலை வைத்தேன்.

"அன்னைக்குச் சாயங்காலமே வந்துடும்" என்றார் கணக்கு அக்கா.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து பதினாறு வருஷமாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அதுவரை வாய் திறக்கவில்லை. கை கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். மெதுவாகச் சொன்னார்: "இல்லக்கா. சனிக்கிழமைதான் மொத்தமா குடுக்குறாங்க."

"சனிக்கிழமையா? என்ன அண்ணே சொல்றீங்க?"

"லாரி திரும்பி வர ஏழு, ஏழரை ஆயிடுது. ஆபீஸ் ஆறு மணிக்குப் பூட்டிடுறீங்க. காலைல ஆபீஸ் தொறக்கிறதுக்குள்ள அவங்க கிளம்பிடுறாங்க. சனிக்கிழமை மட்டும்தான் மத்தியானம் எல்லாரும் இருப்போம்."

அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை இறக்கிய சரக்குக்குச் சனிக்கிழமை டி.ஓ. வந்தால், அடுத்த திங்கள்தான் இன்வாய்ஸ். கடைக்காரர்கள் தாமதமாகப் பணம் கட்டுகிறார்கள் என்று அவர் வருஷக்கணக்காக ஃபோன் செய்து கெஞ்சிக்கொண்டிருந்தார். அதில் ஒரு வாரம் கடைக்காரர்களுடையதே இல்லை. லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே செருகிக் கிடந்த ஒரு வாரம் அது.

இதில் சோம்பேறி யாரும் இல்லை. ஓட்டுநர்கள் தாளைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். ஒரு பூட்டிய கதவும் ஒன்றரை மணி நேர வித்தியாசமும்தான் காரணம். அந்த இடத்தில் ஒரு மஞ்சள் தாளில் பெரிதாகக் காத்திருப்புக் குறி போட்டு ஒட்டினேன்.

இன்வாய்ஸ்நவ் பேச்சும் இங்கேதான் அர்த்தப்பட்டது. 2019இல் சிங்கப்பூரில் தொடங்கிய இந்தக் கட்டமைப்பு பெப்பொல் என்ற அனைத்துலக முறையில் ஓடுவது. அதை விளக்கும் படம் நான்கு மூலை கொண்டது: விற்பவர், விற்பவரின் சேவை நிறுவனம், வாங்குபவரின் சேவை நிறுவனம், வாங்குபவர். விற்பவரின் கணக்கு மென்பொருளிலிருந்து புறப்படும் இன்வாய்ஸ், யாரும் மறுபடி தட்டச்சு செய்யாமல் வாங்குபவரின் மென்பொருளுக்குள்ளேயே போய் உட்காரும். நல்ல ஏற்பாடு. ஆனால் முதல் மூலைக்கு முன்னால் தாள் ஐந்து நாள் லாரியில் கிடந்தால், மீதி மூன்று மூலையும் எவ்வளவு வேகமாக இருந்து என்ன பயன்? அக்காவே இதைச் சொன்னார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்றின்மேல் ஒன்று

இங்கேதான் அந்த இரண்டு தனி வேலைகளும் ஒன்றாகின. அதைச் செய்ததும் நான் இல்லை.

பழுப்புத் தாளில் இருந்ததை டிரா.ஐஓவில் சுத்தமாக வரைந்து அக்காவிடம் காட்டிக்கொண்டிருந்தேன். "டி.ஓ. அச்சிடு" என்ற பெட்டியைத் தொட்டு அவர் கேட்டார்: "இந்த பிரிண்டர் உங்க இன்னொரு படத்துல எங்க இருக்கு?"

நெட்வொர்க் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவர் விரலால் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனார். பிரிண்டர். மேசைக்கு அடியில் ஐந்து போர்ட் ஸ்விட்ச். அங்கிருந்து தூண். தூணிலிருந்து ஏழாவது போர்ட். "எடை மெஷின்?" அதுவும் அதே மேசை ஸ்விட்ச். "லாரி ஏத்துறப்ப ஸ்கேன் பண்றாங்களே?" அதுவும் அதே. எடை, டி.ஓ., ஏற்றம் மூன்றும் அந்தத் தூண் பெட்டி வழியாகத்தான் போகின்றன. அந்த மூன்றும் நின்றால் லாரி நகராது, லாரி நகரவில்லையென்றால் இன்வாய்ஸ் இல்லை.

வேலைப் படத்தில் "டி.ஓ. அச்சிடு" என்பது மற்றதைப் போல ஒரு சாதாரணச் செவ்வகம். நெட்வொர்க் படத்தில் தூண் பெட்டி எல்லாவற்றிலும் சின்ன, விலை குறைந்த சாதனம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு படத்திலும் எதுவும் தப்பாகத் தெரியாது. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால்தான் அந்த நிறுவனத்தின் அன்றாட வருமானம் முழுவதும் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியில் தொங்குவது தெரிகிறது. நான் போய் அந்தப் பெட்டியின் பிளக்கைப் பார்த்தேன். சுவரில் நேராகச் செருகவில்லை. ஒரு நீட்டிப்புப் பலகையில் இருந்தது. அதே பலகையில் மேசை விசிறியின் பிளக்கும் இருந்தது. சாயங்காலம் விசிறியை நிறுத்துகிற யாராவது ஒருவர் பலகையின் பொத்தானையே தட்டிவிட்டால் போதும்.

அன்று இரவே இரண்டு படத்தையும் ஒரே கோப்பில் அடுக்குகளாகப் போட்டேன். டிரா.ஐஓவில் ஓர் அடுக்கை மறைத்து இன்னொன்றைக் காட்டலாம். வேலைப் படத்தின் ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் அந்த வேலை நடக்கிற சாதனத்தின் அடையாளத்தை எழுதினேன்: பி3, ஸ்வி2, எடை1. அதே அடையாளம் சாதனத்தின்மேல் ஒட்டிய சீட்டிலும், கேபிளின் இரண்டு முனையிலும். அடையாளம் எழுத முடியாத பெட்டிகள் சில மிஞ்சின. ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருவது அதில் ஒன்று. அது விற்பனை அண்ணனின் சொந்தக் கைப்பேசி. அந்தக் கைப்பேசி தொலைந்தால் ஆர்டர்களும் தொலையும். அதைப் படத்தில் புள்ளிக்கோட்டால் காட்டினேன்.

பத்து வருஷத்துக்கு மேலாக இரண்டு வகைப் படமும் வரைகிறேன். இப்படிச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. நெட்வொர்க்காரர் கேபிளை வரைகிறார், கணக்குக்காரர் வேலையை வரைகிறார், இரண்டு தாளும் இரண்டு அலமாரியில் இருக்கின்றன. தொழில் நடப்பது இரண்டுக்கும் நடுவில். தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: வேலைப் படத்தின் பெட்டியில் சாதனத்தின் பெயரை எழுதுங்கள். ஒரு சாயங்கால வேலைதான்.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

ரேக்கிலிருந்து லாரி ஏற்றும் இடத்துக்கு நேராகக் கண்ணாடி இழை கேபிள் ஒன்று போட்டோம். கண்ணாடி இழைக்கு அந்த 100 மீட்டர் கட்டுப்பாடு கிடையாது, ஆகவே தூண் பெட்டிக்கு வேலை முடிந்தது. மேசைக்கு அடியில் இருந்த ஐந்து போர்ட் பெட்டிக்குப் பதிலாக, சுவரில் பூட்டு போட்ட சின்ன அலமாரியில் நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் ஒன்று வந்தது. அதற்கென்று ஒரு யூபிஎஸ், மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் மின்கலப் பெட்டி. சுழலைத் தடுக்கும் வசதியை இரண்டு ஸ்விட்சிலும் போட்டுவிட்டேன். இனி யாராவது ஒரு கேபிளை இரண்டு பக்கமும் செருகினால் அந்தப் போர்ட் மட்டும் அடைபடும், மற்றவர்கள் வேலை ஓடும்.

டி.ஓ.வுக்குக் கணினி தேவைப்படவில்லை. கிடங்குக் கதவுப் பக்கத்தில் பூட்டுள்ள ஒரு தபால் பெட்டி மாட்டினார்கள். ஓட்டுநர் கடையிலேயே கையெழுத்தான தாளைப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார், ராத்திரி திரும்பியதும் தாளைப் பெட்டியில் போடுகிறார். ஆவணங்களை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதால் தாளும் பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அக்கா படத்தைப் பார்த்து மறுநாளே இன்வாய்ஸ் போடுகிறார்.

வாட்ஸ்அப் ஆர்டரை முதலாளி மாற்ற விரும்பவில்லை. "கடைக்காரங்க அவரோட குரல் கேட்டுத்தான் ஆர்டர் குடுக்கிறாங்க தம்பி" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் ஒரு கைப்பேசி வாங்கி, எண்ணை அதற்கு மாற்றுவதுவரை ஒத்துக்கொண்டார். புள்ளிக்கோடு இன்னும் புள்ளிக்கோடாகத்தான் இருக்கிறது.

சாதனப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு முகவை 2022 மார்ச்சில் தொடங்கிய, அடிப்படை இணையப் பாதுகாப்புக்கான சைபர் எசென்ஷியல்ஸ் முத்திரைக்கு விண்ணப்பிக்கலாமா என்று முதலாளி கேட்டார். அதில் முதல் தலைப்பிலேயே உங்களிடம் என்னென்ன சாதனம், மென்பொருள், தரவு இருக்கிறது என்பதும் வருகிறது. பாதி வேலை ஏற்கெனவே கையில் இருந்தது.

என் பக்கத்தில் ஒரு தவறும் நடந்தது. முதலில் நான் கொடுத்த முழுப் படத்தை ஏ3 தாளில் அச்சிட்டுக் கிடங்குச் சுவரில் மாட்டினார்கள். ஒரு வாரம் கழித்துக் கிடங்கு அண்ணனிடம் உதவியாக இருக்கிறதா என்று கேட்டேன். "நல்லா இருக்கு சார்" என்றார். அந்தப் பதிலிலேயே அவர் அதைப் பார்க்கவில்லை என்று புரிந்தது. அலுவலகம், நெருப்புச்சுவர், இணைய மேகம் எல்லாம் அவருக்கு எதற்கு? அவரோடு உட்கார்ந்து, கிடங்கில் இருப்பதை மட்டும் வைத்து இன்னொன்று வரைந்தேன். சுவர் அலமாரி, அதன் போர்ட் எண்கள், ஒவ்வொன்றிலும் என்ன செருகியிருக்கிறது, எது எந்தத் தூணுக்குப் பக்கத்தில். பெயர்கள் எல்லாம் அவர்கள் வாயில் புழங்குகிறபடி: பெரிய தராசு, சின்னத் தராசு, டி.ஓ. பிரிண்டர், கதவுக் கேமரா. தமிழிலும் வங்காளத்திலும். வங்காள எழுத்தை எடை போடும் தம்பி ஒருவர் எழுதிக் கொடுத்தார். அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினோம்.

ஆறு மாதம் கழித்து வழக்கமான பார்வைக்குப் போனபோது அந்த அலமாரியைத் திறந்தேன். உறையின்மேல் சிவப்பு மார்க்கரால் ஒரு திருத்தம் இருந்தது. சின்னத் தராசு என்ற பெயரை அடித்து, பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, "புது தராசு. 6ல இருந்து 8க்கு மாத்தியாச்சு. 6 கிளிப் உடைஞ்சிருக்கு" என்று எழுதி, கீழே தேதி போட்டிருந்தது. ஸ்விட்சைப் பார்த்தேன். எட்டில் பச்சை விளக்கு தன் போக்கில் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆறாவது போர்ட்டின் வாயில் ஒரு துண்டு மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது.

கிடங்கு அண்ணன் அந்தப் பக்கம் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எழுதினது சரிதானா சார்?" என்று கேட்டார். சரிதான் என்றேன். மடிக்கணினியைத் திறந்து, கோப்பில் எடை இயந்திரத்தின் கோட்டை ஆறிலிருந்து எடுத்து எட்டில் ஒட்டினேன். மூலையில் நடந்து பார்த்தவர் என்ற இடத்தில் இந்த முறை அவர் பெயரை எழுதினேன்.